‘வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள்’

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பதாகக் கண்டறியப்படும்போது, மதிப்பீட்டு அறிக்கையோடு சேர்த்து வாய்மொழியாக ஓர் அறிவுரையும் வழங்கப்படுவதைப் பல குடும்பத்தார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ‘குழந்தைக்குக் குழப்பம் வேண்டாம், வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள், ஒரே மொழியில் பேசுங்கள்’ என்பதே அது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நான் கேட்டவரை அந்த ஒரே மொழி ஆங்கிலம், தாராவியில் ஹிந்தி. அந்த ஒரே மொழி தமிழாக இருக்கட்டும் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மொழியியலில் முதுகலை முடித்து இப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவன் என்பதால், ‘உன் படிப்பு இதற்கு என்ன சொல்கிறது?’ என்று உறவினரும் நண்பரும் என்னிடம் கேட்கிறார்கள். ஏப்ரல் 2ஆம் நாளை உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2007இல் அறிவித்தது. ஆண்டுதோறும் அந்நாளில் நீல விளக்குகளும் வாசகங்களும் நம் திரைகளை நிறைக்கின்றன. இந்தக் கேள்விக்கு விடை மட்டும் வருவதில்லை. ஆகவே பலரிடம் தனித்தனியே சொல்லிவந்ததை இங்கே ஒருசேர எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மொழி பற்றிய பகுதிக்கு மட்டுமே என்னால் பொறுப்பேற்க முடியும். எனினும் அதைச் சொல்வதற்கு, ஆட்டிசம் என்றால் என்ன, அதற்குக் காரணங்களாக எவையெவை கருதப்பட்டன என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

பெயரிலேயே சிக்கல் உண்டு. ‘தான்’ எனப் பொருள்படும் ‘ஆட்டோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து இக்கலைச்சொல்லை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர். மனச்சிதைவு நோயாளர் தமக்குள் ஒடுங்குவதைக் குறிக்கவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இதைப் பயன்படுத்தினார். இன்று நாம் குறிப்பிடும் பொருளில் அச்சொல்லை நிலைநிறுத்தியது, பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை. தமிழில் ‘மதியிறுக்கம்’ என்கிறோம். தமிழ்நாட்டு அரசின் வழக்கில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்னும் தொடரும் உண்டு. முதற்சொல் மதி இறுகிக் கிடப்பதாகச் சொல்கிறது. இரண்டாவது, புற உலகைப் பற்றிய சிந்தனையே இல்லை என்கிறது. இரண்டுமே உண்மைக்கு அருகில் இல்லை. எழுத்தாளர் யெஸ். பாலபாரதி தம் நூலுக்கு ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’ என்றே பெயரிட்டார். நானும் அவ்வழியே ‘ஆட்டிசம்’ என்றே எழுதுகிறேன்.

ஆட்டிசம் ஒரு நோயன்று. பிறப்புக்கு முன்பே மூளை வளர்ச்சியில் தோன்றும் வேறுபாடு. உலக அளவில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, இதன் அறிகுறிகளை இரு தொகுதிகளாக வகுக்கிறது. ஒன்று, பிறரோடு உறவாடுவதிலும் கருத்துப் பரிமாறுவதிலும் காணும் வேறுபாடு. மற்றொன்று, ஒரே செயலையோ சொல்லையோ திரும்பத் திரும்பச் செய்தல், மாறாத ஒழுங்கை விரும்புதல், ஒன்றில் மட்டும் ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி ஒளி தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல். பேச்சுத் தாமதம் பல குழந்தைகளிடம் காணப்படுகிறது. ஆயினும் இவ்வரையறையில் அது கட்டாயக் கூறு அன்று. சரளமாகப் பேசுவோரும் இதனுள் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுதும் மிகச் சில சொற்களே பேசுவோரும் இருக்கிறார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. ஓராண்டு நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை. ஒன்றரை வயதாகியும் தனக்குப் பிடித்ததைச் சுட்டுவிரலால் பிறருக்குக் காட்டாமை. இரண்டு வயதாகியும் தானாக இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாமை. எந்த வயதிலும், வந்த பேச்சு மறைந்துபோதல். இவற்றுள் மொழியியலாளனாக எனக்கு முதன்மையானது சுட்டுவிரல். குழந்தை நிலவைச் சுட்டி, பின் தாயின் முகத்தைப் பார்க்கிறது. ‘நான் பார்ப்பதை நீயும் பார்’ என்னும் அந்தச் செய்கைதான் சொல்லுக்கு முந்திய மொழி. அது தாமதமாகும்போது சொற்களும் தாமதமாகின்றன. ‘ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும், இவன் மாமனும் நான்கு வயதில்தான் பேசினான்’ என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே காலம் கழிகிறது. காத்திருப்பதால் பயனில்லை. முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். அதற்குப் பாந்திராவில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. தாராவியில் இருப்போருக்குச் சயான் மாநகராட்சி மருத்துவமனை நடந்துபோகும் தொலைவு.

இனிக் காரணங்கள். கானர் தம் கட்டுரையில் இது பிறவியிலேயே அமைந்தது என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் அதே கட்டுரையில், தாம் கண்ட பெற்றோரிடம் நெகிழ்வு குறைவாக இருந்ததையும் எழுதினார். அந்தச் சிறு குறிப்பு வளர்ந்து பெரும் குற்றச்சாட்டாயிற்று. ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்னும் கொடுஞ்சொல் பிறந்தது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய ‘காலியான கோட்டை’ என்னும் நூல், குழந்தையின் ஒடுக்கத்துக்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லண்டு, இது உடலியல் சார்ந்தது என்று சான்றுகளோடு எழுதியிருந்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளுள் 4இல் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. வேறுவேறு கருக்களில் தோன்றிய 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. அன்போ அன்பின்மையோ இந்த வேறுபாட்டை விளக்காது, மரபணுக்களே விளக்கும்.

அதன்பின் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்திருக்கின்றன. ஐந்து நாடுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, மரபுவழிப் பங்கு ஏறத்தாழ 80 விழுக்காடு என மதிப்பிட்டது. அது ஒரு மரபணுவின் வேலையன்று; நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதனோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளன. பெற்றோரின் கூடிய வயது, குறைமாதப் பிறப்பு, கருவுற்ற காலத்தில் உட்கொண்ட வால்ப்ரோயேட் என்னும் வலிப்பு மருந்து ஆகியவை வாய்ப்பைக் கூட்டுவதாக அறியப்பட்டுள்ளன. தடுப்பூசி காரணமன்று. அவ்வாறு ஐயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளை மட்டுமே கொண்டது. அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் வெளியாகி, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்றது.

இத்தனை சான்றுகள் வந்த பின்னும் வீட்டைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பழக்கம் போகவில்லை. ‘தாய் வேலைக்குப் போனாள்’, ‘கைப்பேசியைக் கொடுத்தார்கள்’, ‘கூட்டுக் குடும்பம் இல்லை’ என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அவ்வரிசையில் இந்நகரத்துக்கே உரிய ஒன்றும் சேர்ந்திருக்கிறது: ‘வீட்டில் நான்கு மொழி பேசினீர்கள், அதனால்தான் குழந்தை பேசவில்லை.’ வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலம், பேருந்திலும் அரசு அலுவலகத்திலும் மராத்தி. இந்நால்வகை வாழ்வு மும்பைத் தமிழருக்கு மூச்சுவிடுவதுபோல் இயல்பானது. அதையே குற்றமாக்கும்போது தாய்க்கு ஏற்படும் மனவேதனை, பெட்டல்ஹைம் காலத்துத் தாய்மார் பட்டதற்குக் குறைந்ததன்று. தன் தாய்மொழியைப் பேசியே பிள்ளையைக் கெடுத்துவிட்டோம் என்று அவள் நம்பத் தொடங்குகிறாள்.

சான்று என்ன சொல்கிறது? பல மொழிகள் புழங்கும் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கேத்தரின் ஹாம்ப்ளி, எரிக் ஃபோம்போன் ஆகிய இருவரும் ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளை ஒப்பிட்டு 2012இல் கட்டுரை வெளியிட்டனர். ஒரு மொழிச் சூழலில் வளர்ந்தோர், பிறந்தது முதல் இரு மொழி கேட்டோர், பின்னர் இரண்டாம் மொழி கேட்கத் தொடங்கியோர் என மூன்று பிரிவினர். இரு மொழி கேட்ட குழந்தைகளுக்குக் கூடுதல் மொழித் தாமதம் எதுவும் இல்லை. அதே ஆண்டில் சீனமும் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தைகளைப் பற்றிக் கனடாவில் வெளியான மற்றோர் ஆய்வும் அம்முடிவுக்கே வந்தது. இவை சிறிய ஆய்வுகள்தாம். மிகக் குறைவாகப் பேசும் குழந்தைகளைப் பற்றி இன்னும் நிறைய ஆராய வேண்டியிருக்கிறது. ஆனால் தாய்மொழியை நிறுத்துங்கள் என்று சொல்வதற்கு இவற்றில் எவ்வித ஆதாரமும் இல்லை. அமெரிக்காவில் வாழும் சீனத் தாய்மாரிடம் பெட்டி யூ 2013இல் வெளியிட்ட ஆய்வுக்காக உரையாடியபோது, அவர்களும் ஆங்கிலம் மட்டும் பேசுவதே குழந்தைக்கு நல்லதென்று நம்பியிருந்தது தெரியவந்தது. பெரிய மொழியின் நிழலில் சிறிய மொழியோடு வாழும் எல்லா ஊரிலும் இந்த அச்சம் உண்டு போலும்.

இனி என் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். என் அக்காவின் இசைவோடுதான். அக்காவின் மகனுக்கு இப்போது ஏழு வயது. மூன்றாம் வயதில் ஆட்டிசம் எனக் கண்டறிந்தார்கள். அக்காவும் அத்தானும் வேலைக்குச் செல்பவர்கள். செம்பூர் வீட்டில் அவனோடு பகல் முழுதும் இருப்பவர் என் அம்மா, அவனுக்கு ஆச்சி. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மணமாகித் தாராவிக்கு வந்தவர். இத்தனை ஆண்டுகளில் சந்தைக்குப் போதுமான ஹிந்தி வந்திருக்கிறது. ஆங்கிலம் வராது. நாங்கள் முதலில் சென்ற பயிற்சி மையமொன்றில் தமிழை நிறுத்தச் சொன்னார்கள். பள்ளி ஆங்கிலம் என்பதால் வீடும் ஆங்கிலமாக வேண்டும் என்றார்கள். பிள்ளையின் நன்மைக்கென்று சொன்னால் எந்த வீடு மறுக்கும்?

ஒன்றரை ஆண்டு அப்படியே நடந்தது. அக்கா ஓரளவு சமாளித்தாள். அத்தானுக்கு அலுவலக ஆங்கிலம் வரும். குழந்தையைக் கொஞ்சும் ஆங்கிலம் வரவில்லை. அம்மாவுக்கு மூன்று சொற்கள் கற்றுக்கொடுக்கப்பட்டன: ‘கம்’, ‘ஸிட்’, ‘ஈட்’. நாள் முழுதும் பேரனோடு இருந்த ஒருவரின் வாயில் மிஞ்சியது மூன்று ஏவல் வினைகள். தாலாட்டு, விடுகதை, செல்லத் திட்டு, பக்கத்து வீட்டு வம்பு, சோற்றைப் பிசைந்துகொண்டே தன்னோடு தானே பேசிக்கொள்வது எல்லாம் நின்றன. ஒரு மொழியை அரைகுறையாக அறிந்தவர் அதில் பேச நேரும்போது, முதலில் கைக்கு வருவது கட்டளை. கடைசியில் வருவது கொஞ்சல். குழந்தை மொழியைக் கற்பது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதியிலிருந்துதான். குழந்தைக்கு ஒரு மொழியைக் கூட்டிக்கொடுப்பதாக எண்ணி, அவன் கேட்கும் பேச்சின் அளவையே குறைத்துவிட்ட வீடாக அது இருந்தது. அம்மா ஒருநாள் என்னிடம், ‘தப்பித்தவறித் தமிழ் வந்துருமோன்னு வாயையே தொறக்கதில்லலே’ என்றார்.

பின்னர் சந்தித்த வேறொரு பேச்சு மொழி வல்லுநர், கோப்பைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்டார்: ‘வீட்டில் இவனோடு அதிக நேரம் இருப்பது யார்? அவருக்கு எந்த மொழி நன்றாக வரும்?’ விடையைக் கேட்டபின், ‘அப்படியானால் அவர் அந்த மொழியிலேயே பேசட்டும்’ என்றார். அம்மா மறுபடி பேசத் தொடங்கினார். சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, அவன் தன் தட்டை எடுத்துவந்து அம்மாவின் மடியில் வைத்து, ‘சாப்பிடுதியா?’ என்றான்.

மற்றவர்கள் அழுதார்கள். எனக்கு அந்த ‘தி’ தான் கேட்டது. மும்பையில் வளர்ந்த அக்கா ‘சாப்பிடுறியா’ என்பாள், அத்தானும் அப்படியே. நிகழ்காலத்தை ‘த்’ கொண்டு காட்டும் திருநெல்வேலி வழக்கு அவ்வீட்டில் அம்மாவிடம் மட்டுமே உண்டு. எனவே அவன் சொன்னது யாருடைய வாக்கியம் என்பதில் ஐயமில்லை. தமிழ் பேசத் தொடங்கியதால்தான் பேச்சு வந்தது என்று நிறுவ ஒரு குழந்தையின் கதை போதாது. வயதும் பயிற்சியும் அதில் பங்கு கொண்டிருக்கும். நான் சொல்வது அதனினும் சிறியது: எவரையும் கவனிப்பதில்லை என்று கருதப்பட்ட குழந்தை, ஒருவருடைய பேச்சின் தனி அடையாளத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் கவனித்து வைத்திருந்தான்.

இவ்வாறு கேட்டதைக் கேட்டபடியே சொல்வதை ‘எதிரொலிப் பேச்சு’ எனலாம். நெடுங்காலம் இதைப் பொருளற்ற பழக்கமாகக் கருதி நிறுத்த முயன்றார்கள். பேரி பிரிசான்ட், ஜூடித் டூகன் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வு, உடனடி எதிரொலிக்கு ஏழு வகைப் பயன்கள் இருப்பதைக் காட்டியது. தன் முறையை நிரப்புவது, ஆம் என்பது, வேண்டுவது, தனக்குத்தானே வழிகாட்டிக்கொள்வது போன்றவை அவை. ‘சாப்பிடுதியா?’ என்று எங்கள் வீட்டில் கேட்டவன் ஆச்சியைச் சாப்பிட அழைக்கவில்லை. தனக்குப் பசிக்கிறது என்றான். சோறு வரும் நேரத்தில் ஒலிக்கும் வாக்கியத்தைச் சோறு வேண்டும் நேரத்தில் சொன்னான். அதில் முழுமையான தருக்கம் இருக்கிறது.

இங்கேதான் தமிழின் இலக்கணம் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. கானர் கண்ட குழந்தைகள் ‘நான்’ என வேண்டிய இடத்தில் ‘நீ’ என்றார்கள். இந்தியாவில் சான்றிதழ் வழங்கப் பயன்படும் ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70ஐ எட்டினால் ஆட்டிசம் எனக் கொள்வர். பேச்சு பற்றிய ஒன்பது கூறுகளுள் இந்த இடப்பெயர் மாற்றமும் ஒன்று. ஆங்கிலத்தில் அது காதில் விழும். தமிழில் ‘பால் வேணுமா?’ என்று குழந்தை பால் கேட்டால் அதில் ‘நீ’யும் இல்லை, ‘நான்’உம் இல்லை, ‘வேண்டும்’ என்னும் வினை இடவிகுதியே ஏற்பதில்லை. எஞ்சுவது வினா எழுத்தாகிய ‘ஆ’ மட்டுமே. ‘சாப்பிடுதியா’ என்பதில் மாற்றம் ஓர் உயிரெழுத்துக்குள் ஒளிந்துகிடக்கிறது. போதாக்குறைக்கு நாம் குழந்தையிடம் ‘மாமா வந்திருக்கேன்’, ‘அம்மா தரேன்’ என்று பேசுகிறோம். முறைப்பெயரை எழுவாயாக்கித் தன்மை விகுதியில் முடிக்கிறோம். தமிழறியாத ஒருவர் இக்குழந்தையை மதிப்பிடும்போது, இருப்பதை இல்லையென்றும் இல்லாததை இருக்கிறதென்றும் எழுத வாய்ப்புண்டு. தமிழ் தெரிந்த ஒருவர் அருகில் இருப்பது சலுகையன்று. மதிப்பீடு சரியாக அமைவதற்கான நிபந்தனை.

சொல்லுக்கு அப்பாலுள்ள பொருளும் அப்படித்தான். விடைபெறும்போது ‘போகிறேன்’ என்பது நமக்கு அமங்கலம். ‘வரேன்’ என்றே சொல்லிப் போவோம். சொல்லைச் சொல்லாகவே கொள்ளும் குழந்தைக்கு அது வாக்குறுதி. நான் ‘வரேன்’ என்று சொல்லிப் புறப்பட்ட நாள்களில் அவன் கதவருகே நெடுநேரம் நின்றிருக்கிறான். ‘போறேன்’ என்று சொல்ல அம்மா இசையவில்லை. ஆகவே ‘மாமா ஞாயித்துக்கிழமை வரேன்’ என்று கிழமையையும் சேர்த்துச் சொல்வதென வீட்டில் முடிவாயிற்று. மங்கலமும் காப்பாற்றப்பட்டது, அவனும் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறான். வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாடு இதைவிடக் கடினம். ஆசிரியரை ‘நீ’ என்றழைத்த சிறுவனை ‘மரியாதை தெரியாதவன்’ என்று நாம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். எதிரிலிருப்பவரின் வயதையும் நிலையையும் உறவையும் ஒரு கணத்தில் கணக்கிட்டு விகுதியைத் தேர்வது எவ்வளவு கடுமையான சமூகக் கணக்கு என்பதை நினைத்துப்பார்ப்பதில்லை.

பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறாக இருப்பதும் இதில் சேர்கிறது. சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு நிலைக்கு அரபு மொழி முதன்மை எடுத்துக்காட்டு. மிக்கைல் கிசீனும் அவர் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், துனீசியாவில் ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் வீட்டு அரபில் பேசாமல், எவரும் வீட்டில் பேசாத செவ்வரபில் பேசுவதைப் பதிவு செய்தார்கள். அதை அவர்கள் கற்றது தொலைக்காட்சியிலிருந்து. ‘நான் பள்ளிக்குச் செல்கிறேன்’ என்று கேலிச்சித்திரப் படத் தமிழில் பேசும் குழந்தையைப் பார்த்து நாம் சிரிக்கும்போது, இது நினைவுக்கு வர வேண்டும். திரைதான் ஆட்டிசத்தை உண்டாக்கியது என்று இதற்குப் பொருளன்று. முகம் பார்த்துக் கற்பது கடினமாக இருந்தபோது, முகமில்லாத இடத்திலிருந்தும் அக்குழந்தை மொழியைத் தேடி எடுத்திருக்கிறது.

‘ஒரே மொழி’ என்பது இந்நகரில் நடைமுறைக்கும் ஒவ்வாதது. மகாராஷ்டிரத்தில் 2020ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கியிருக்கிறது. ஆங்கிலவழிப் பள்ளியிலும் குழந்தை ஆங்கிலமும் மராத்தியும் ஹிந்தியும் கேட்கும். ஆக, நிறுத்தப்படுவது தமிழ் ஒன்றே. என் மருமகனுக்கு ரயில் என்றால் உயிர். ஹார்பர் வழித்தட வண்டியில் ஏறினால், ‘புடீல் ஸ்டேஷன்’, ‘அக்லா ஸ்டேஷன்’, ‘நெக்ஸ்ட் ஸ்டேஷன்’ என்று மும்மொழி அறிவிப்பையும் வரிசை மாறாமல் ஒலிபெருக்கிக்கு முந்திச் சொல்வான். திலக் நகர் தாண்டியதும் எழுந்து கதவுப் பக்கம் போவான். எண்கள் அவனுக்கு ஆங்கிலம். மின்தூக்கியில் ‘உப்பர்’, ‘நீச்சே’ ஹிந்தி. பசியும் உறக்கமும் ஆச்சியின் தமிழ். எந்த இடத்துக்கு எந்த மொழி என்பதில் அவனிடம் நான் குழப்பத்தைக் கண்டதில்லை.

பயிற்சியாளர்கள் கெட்ட எண்ணத்தால் அவ்வாறு சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கையிலுள்ள அட்டைகளும் வினாத்தாள்களும் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ உள்ளன. வரிசையில் காத்திருக்கும் குழந்தைகள் அதிகம். ஆனால் கருவியின் குறையைக் குழந்தையின் வீட்டிலிருந்து கழிப்பது முறையன்று. செய்யக்கூடியவை எளியவை. பயிற்சி எந்த மொழியில் நடந்தாலும் நடக்கட்டும். தமிழ் பேசுபவர் ஒருவர் உடன் அமர்ந்து அதே படத்துக்குத் தமிழ்ச் சொல்லையும் சொல்லலாம். குழந்தை அறிந்த சொற்களை எண்ணும்போது எல்லா மொழிகளிலும் அறிந்தவற்றைக் கூட்டி எண்ண வேண்டும். ஆங்கிலத்தில் 10 சொல், தமிழில் 20 சொல் என்றால் அவனை ‘10 சொல் குழந்தை’ என எழுதலாகாது. பேசாத குழந்தைக்கான பட அட்டைகளில் தமிழ் எழுத்தும் இடம்பெறலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அந்தச் சான்றிதழுக்கான மதிப்பீட்டின்போதும் தமிழ் அறிந்தவரை உடன் வைத்துக்கொள்ளக் கேளுங்கள்.

இதை வாசிக்கும் மொழியியல், சிறப்புக் கல்வி, சமூகப்பணி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலினாவிலோ தேவ்னாரிலோ நாம் படிக்கும் வகுப்பறையிலிருந்து தாராவி சில நிலையத் தொலைவுதான். தமிழ்க் குழந்தையின் எதிரொலிப் பேச்சு எப்படி அமைகிறது, ‘வேணுமா’ எப்போது ‘வேணும்’ ஆகிறது, மதிப்பும் முறைப்பெயரும் எவ்வழியில் கைவருகின்றன என்பனவெல்லாம் நம் துறையின் கேள்விகள். மருத்துவர் தலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, நாம் தொல்காப்பியத்தோடும் சாம்ஸ்கியோடும் நின்றுவிடலாகாது.

பெற்றோருக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஆட்டிசம் உங்கள் பேச்சால் வந்ததன்று. உங்கள் மௌனத்தால் போகப்போவதுமில்லை. என் மருமகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது, இருக்கும். அவன் வளர்ந்து எவ்வளவு பேசுவான் என்பதை எவராலும் இப்போது கூற இயலாது. மிகக் குறைவாகவே பேசினாலும், தன்னிடம் நாள் முழுதும் எவரேனும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அவனுக்குக் கிடைத்தாக வேண்டியது. தமிழை நிறுத்தச் சொல்லி எவரேனும் உங்களுக்கு அறிவுரை தந்தால் பணிவாகவே கேளுங்கள்: ‘இவனோடு அதிக நேரம் இருப்பவருக்கு வேறு மொழி தெரியாது. அவர் என்ன செய்ய வேண்டும்?’ அதற்குத் தக்க விடை வரும்வரை வீட்டில் பேசிக்கொண்டே இருங்கள்.